நேற்றைய கேள்வியை யார் ஞாபகம் வைத்திருப்பது?

(தொடக்கக் கல்வி பற்றிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் பாதிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் ஆசிரியர்கள். பேசி முடிப்பதற்குள் இரண்டு தரப்புக்கும் என்மேல் கொஞ்சம் கோபம் வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சிறிய பள்ளியும் தேடிக் கற்றலும்'. தேடிக் கற்றல் என்றால், ஆசிரியர் விடையை முதலிலேயே சொல்லிவிடாமல், பிள்ளைகள் தங்கள் கேள்விக்குத் தாங்களே சோதித்து விடை தேடுவது. பள்ளி சிறியதாக இருப்பது ஏதோ வசதிக்குறைவு, தேடிக் கற்பது மட்டும்தான் கொள்கை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் கட்சி. ஒரு குழந்தை இன்று கேட்ட கேள்வி நாளையும் உயிரோடு இருக்க வேண்டும் என்றால், அதை ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியராலும் அது ஆகாது. அவரைக் குறை சொல்லவில்லை. வருகைப் பதிவு எடுத்து, நோட்டு திருத்தி, பாடம் முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

குழந்தைகள் கேள்வியே கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல். பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் நான்கு வயதை ஒட்டிய சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பதிவு செய்தார்கள். 1984இல் முடிவுகள் வெளியாயின. அம்மாவோடு வீட்டில் இருக்கும்போது மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள். பள்ளியில் ஆசிரியரிடம் மணிக்கு இரண்டு. அதே குழந்தைதான், அதே வாய்தான். இத்தனைக்கும் அது அதட்டி உட்கார வைக்கும் இடமில்லை, விளையாட விடும் மழலையர் பள்ளி.

சரி, கேள்வியை உயிரோடு விட்டுவைக்கும் பள்ளியில் என்னதான் நடக்கிறது? ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மழை விட்டதும் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. டீச்சர் ஒரு சாக்பீஸைக் கொடுத்துத் தண்ணீரின் ஓரத்தை ஒட்டிக் கோடு போடச் சொல்கிறார். அவ்வளவுதான் அவர் செய்தது. அரை மணி கழித்துப் பிள்ளைகள் வந்து பார்த்தால் கோடு வெளியே இருக்கிறது, தண்ணீர் உள்ளே தள்ளி நிற்கிறது. "யாரோ கோட்டை நகர்த்திட்டாங்க மிஸ்!" என்கிறது ஐந்து வயது. சிரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான ஊகம்தான். பெரிய பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்வதில்லை. "தரை குடிச்சிடுச்சு" என்று ஒரு கட்சி. "வெயில் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்று இன்னொரு கட்சி.

இந்த இடத்தில்தான் ஆசிரியரின் தொழில் இருக்கிறது. 'ஆவியாதல்' என்ற சொல் அவர் நாக்கின் நுனியில் நிற்கும். சொன்னால் பத்து வினாடியில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைகள் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவர்கூடத் தன் ஊகம் சரியா தப்பா என்று பார்த்திருக்க மாட்டார். அதனால் அவர் கேட்கிறார்: "தரை குடிச்சதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிள்ளை சொல்கிறது, "தரையே இல்லாத இடத்துல தண்ணிய வைக்கலாம்." இரண்டு எவர்சில்வர் தட்டுகள் வருகின்றன. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் வேண்டும் என்று ஒரு பெண் பிடிவாதம் பிடிக்கிறாள். அளவுக் குவளை வருகிறது. ஒரு தட்டு வெயிலில், ஒரு தட்டு அறை மூலையில்.

மறுநாள் வெயில் தட்டு காய்ந்து கிடக்கிறது. தரைக் கட்சி தோற்றதா? இல்லை. "தட்டும் கொஞ்சம் குடிச்சிருக்கும்" என்கிறான் ஒருவன். நல்ல வேளையாக, டீச்சர் சொல்லி, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே தட்டின் எடையை எழுதி வைத்திருந்தார்கள். இப்போது நிறுத்தால் அதே எடை. தரைக் கட்சி மனசில்லாமல் கலைகிறது. வெயில் கட்சி கொண்டாடப் போகும்போது மூலையில் இருந்த தட்டை யாரோ பார்த்துவிடுகிறார்கள். அதிலும் தண்ணீர் குறைந்திருக்கிறது. வெயிலே படாத இடத்தில் எடுத்துக்கொண்டு போனது யார்? மூன்றாவதாக ஒரு தட்டை மூடி வைக்கிறார்கள். மூடியின் அடிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தொங்குவதைப் பார்த்த பிறகுதான், தண்ணீர் காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மேலே போயிருக்கிறது என்ற பேச்சு எழுகிறது. அப்போது டீச்சர் அந்தச் சொல்லைக் கொடுக்கிறார். நேரடியாக, கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறார். சொல்லைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பதும் தப்பு.

இதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும் கால அட்டவணையில் இது முதல் நாளே செத்துவிடும். சிறிய பள்ளியில் ஒரே ஆசிரியர் காலையிலிருந்து மாலை வரை அதே பிள்ளைகளோடு இருக்கிறார். கணக்கு நேரத்தில் குவளை அளவை எடுத்துக்கொள்வார், எழுதும் நேரத்தில் தட்டில் நடந்ததை எழுதச் சொல்வார். தட்டை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை மட்டுமில்லை, எல்லோருடைய வேலையும். அறிவிப்பு ஒட்டியதால் அல்ல, அது என்ன தட்டு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி காத்திருந்தார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குத் தாவினார்கள் அல்லது தாங்களே பதில் சொன்னார்கள். மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் காத்திருக்கப் பழகியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் கூடின. 1970களிலேயே எழுதப்பட்ட விஷயம் இது. ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் எவ்வளவு கஷ்டம் என்பது வகுப்பில் நின்று வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஸ்மார்ட் போர்டு வாங்குவது அதைவிட எளிது!

இதெல்லாம் புது மோஸ்தர் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்வியாளருமான ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 16 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அங்கே பஞ்சையும் கம்பளி உரோமத்தையும் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தார்கள். பருத்திக் காயிலிருந்தும் கொட்டையிலிருந்தும் பஞ்சைப் பிரிக்க ஒரு குழு 30 நிமிடம் உட்கார்ந்தது. கிடைத்தது ஒரு அவுன்ஸ்கூட இல்லை, அதாவது 28 கிராமுக்கும் குறைவு. ஒரு ஆள் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டுதான், அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான், தேறும் என்பதைப் பிள்ளைகளால் எளிதாக நம்ப முடிந்தது. கம்பளி ஆடை முந்திக்கொண்டதற்கும் பருத்தி பிந்தியதற்கும் காரணம் அவர்கள் விரல் நுனியில் வலித்தது. வரலாறும் கைவேலையும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தன.

அந்தப் பள்ளி பிறகு வளர்ந்தது, 1904இல் டூயி அங்கிருந்து போய்விட்டார், நிர்வாகத் தகராறு. இத்தகைய பள்ளிகளின் கதையில் நிர்வாகத் தகராறு இல்லாத அத்தியாயம் குறைவு. அது வேறு கூட்டத்துக்கு.

பெற்றோர் பக்கம் வருகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மக்கள் தாங்களே ஒரு மழலையர் பள்ளி கட்ட முடிவெடுத்தார்கள். ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு பீரங்கி வண்டி, சில லாரிகள், குதிரைகள், இவற்றை விற்ற காசுதான் முதல். செங்கல் சுமந்ததும் பெற்றோர்கள்தான். கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி கடைசிவரை அந்த வேலையிலேயே நின்றுவிட்டார். அந்த வழியில் வந்த பள்ளிகளில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று. பிள்ளைகள் சொன்னதை ஆசிரியர்கள் அப்படியே எழுதி, படமெடுத்து, சுவரில் வைக்கிறார்கள். மார்க் போட அல்ல. அடுத்து என்ன கேட்கலாம் என்று ஆசிரியர்கள் உட்கார்ந்து யோசிக்க. நான் முதலில் சொன்ன ஞாபகம் அதுதான். தலைக்குள் நிற்காததைச் சுவரில் நிறுத்துகிறார்கள்.

பள்ளி ஒரு சமூகமாக இருக்க வேண்டும் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இதற்குமேல் பெரிய விளக்கம் தேவையில்லை. ஐந்து வயதும் ஒன்பது வயதும் ஒரே அறையில் இருந்தால், ஒன்பது வயது விளக்கிச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. தனக்குப் புரியவில்லை என்பது பாதி விளக்கத்தில்தான் அதற்கே தெரியவரும். சண்டையும் வரும். சிறிய பள்ளியில் சண்டை போட்டவனை விட்டு வேறு கும்பலுக்கு ஓட முடியாது, இருக்கிற இருபது பேருக்குள்தான் சரிக்கட்டியாக வேண்டும். இது நல்லது மட்டுமல்ல, ஒத்துப்போகாத ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டும் இடமாகவும் ஆகிவிடலாம். நடத்துகிறவர்கள் அதைக் கவனிக்காமல் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

எதிர்த்தரப்பையும் மதிக்க வேண்டும். பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் ஆகிய மூன்று கல்வி உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வழிகாட்டாமல் 'நீயே கண்டுபிடி' என்று விட்டால் புதிதாகக் கற்பவன் திணறிப்போவான் என்பது அவர்கள் வாதம். மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய சரக்கு குறைவு, தேடுவதிலேயே அது தீர்ந்துவிட்டால் கற்க இடமிருக்காது. அடுத்த ஆண்டே வேறு மூவர் மறுப்பு எழுதினார்கள். நல்ல தேடல் வகுப்பில் வழிகாட்டல் இல்லாமலில்லை, அடிக்கு அடி இருக்கிறது என்றார்கள். தட்டுக் கதையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். சாக்பீஸ் கொடுத்தது யார், எடையை எழுதி வைக்கச் சொன்னது யார்? பிள்ளைகள் கையில் இருந்தது ஊகம். சோதனை கைவிட்டுப் போகாமல் பிடித்திருந்தவர் டீச்சர்.

அதனால் நான் வளைத்துப் பேசவில்லை: எழுத்தைக் கூட்டிப் படிப்பதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வாய்ப்பாட்டை மனப்பாடமாக்கத்தான் வேண்டும். 'தானாக வரும்' என்று ஏழு வயதுவரை எழுத்துக்கூட்டத் தெரியாமல் விட்டுவைக்கும் பள்ளியைச் சுதந்திரப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். படிக்கத் தெரியாத பிள்ளை எந்தக் கேள்வியையும் தொடர்ந்து போக முடியாது.

போலியையும் சொல்லிவிடுகிறேன். தெர்மாகோலில் எரிமலை. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா ஒட்டுகிறார், அம்மா வண்ணம் அடிக்கிறார், பிள்ளை தூங்குகிறது. காலையில் கண்காட்சி, விருந்தினர், கைதட்டல். அந்த எரிமலையில் பிள்ளையின் கேள்வி எங்கே இருக்கிறது?

'ஐந்தாம் வகுப்பு முடித்துப் பெரிய பள்ளிக்குப் போனால் சமாளிப்பார்களா?' கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்கப்போவது இதைத்தான், இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதம் தடுமாறுவார்கள். நேரம் வைத்து எழுதும் பரீட்சை பழக்கமில்லை, ரேங்க் பழக்கமில்லை, கை தூக்காமல் பேசிவிடுவார்கள். நல்ல பள்ளி கடைசி ஆண்டில் இதற்குப் பழக்கிவிடும். படிப்பும் கணக்கும் உறுதியாக இருந்தால் மீதி பழகிவிடும். உறுதியாக இல்லையென்றால் பரீட்சைமேல் பழி போட்டுப் பயனில்லை.

பள்ளி தேடிப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு வகுப்பு ஆசிரியரிடம், "போன வாரம் ஒரு பிள்ளை கேட்டு இன்னும் முடியாத கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். கொள்கை விளக்கம் ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்துவிடலாம். அவர் ஒரு நோட்டைத் தேடி எடுத்தாலோ, "அதோ அந்தப் பையன்தான் கேட்டான், அவனையே கேளுங்கள்" என்றாலோ, சேர்க்கை விண்ணப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.