தாயம் விழ எத்தனை வழி?

வணக்கம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து இந்த மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், தலை இன்னும் லேசாகச் சுற்றுகிறது. நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடப் புத்தகம் நாணயத்தில் தொடங்கும். நான் வகுப்பில் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு போவேன், ஏனென்றால் அதை உருட்டாத பிள்ளை எங்கள் மலையில் இல்லை.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, நாலாவது பக்கம் காலி. ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் காலியும் விழுந்தால் தாயம். இரண்டுமே காலி என்றால் பன்னிரண்டு. சரி, தாயம் விழ நிகழ்தகவு என்ன என்று கேட்டேன். ஒரு பையன் பட்டென்று, "ஏழில் ஒன்று சார். 1, 2, 3, 4, 5, 6, 12, மொத்தமே ஏழுதானே விழும்" என்றான்.

அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதையே 1754-இல் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார். நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். முதலிலேயே தலை, பூவுக்கு அப்புறம் தலை, இரண்டுமே பூ என்று மூன்று வகையாக எண்ணி மூன்றையும் சமமாக வைத்துவிட்டார். முதலிலேயே தலை என்பதில் தலை-தலை, தலை-பூ என்று இரண்டு வழி ஒளிந்திருக்கிறது, அதனால் சரியான விடை நான்கில் மூன்று.

அப்புறம் கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போட்டோம். பதினாறு கட்டம். கட்டை தேயாமல் நாலு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், பதினாறும் சமம். தாயத்துக்கு இரண்டு கட்டம், மூன்றுக்கு நாலு கட்டம், பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. தாயம் எட்டில் ஒன்று என்று முடிந்தது. இதற்குக் கட்டையை ஒரு தடவைகூட உருட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வம்பு அடுத்த நாள் வந்தது. அன்றைக்குப் பாடம் சாதக விகிதம். அப்படியென்றால் விழும் வழிக்கு எதிரே விழாத வழியை வைப்பது, மொத்தத்தை அல்ல. தாயத்துக்கு இரண்டு, மற்றதற்குப் பதினாலு, சுருக்கினால் ஒன்றுக்கு ஏழு. அந்தப் பையன் எழுந்து, "நேற்று நான் சொன்ன ஏழுதானே சார் இது?" என்றான். வகுப்பே கைதட்டியது. ஏழு அதேதான், ஆனால் அவனுடையது விழும் எண்களை எண்ணிய ஏழு, இது தாயம் விழுவதைப்போல் விழாதது ஏழு மடங்கு என்று சொல்லும் ஏழு என்று புரியவைக்க அந்த மணி நேரம் முழுக்கப் போனது, போகட்டும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்க வீட்ல புளியங்கொட்டைல ஆடுவோம் சார், அதுக்கு?" என்றாள். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டை. வெள்ளையும் கறுப்பும் சமமாக விழும் என்று யார் சொன்னது? அங்கே கட்டம் போட்டு எண்ணுவது செல்லாது, உருட்டித்தான் பார்க்க வேண்டும். மறுநாள் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். இருநூறு தடவை போட்டுக் கோடு கிழித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.