ஒரே சர்நேம், சொந்தமா இல்லையா? அமெரிக்க அரசியல்வாதிகளைப் பிரிச்சுப் பார்க்கிற வழி

வணக்கம் மக்களே, நேரா விஷயத்துக்குப் போயிடலாம். அமெரிக்கச் செய்தியில ஒரு கென்னடி பேரு வரும், ஒரு ஜான்சன் பேரு வரும். உடனே "அட, அந்தக் குடும்பமா?"ன்னு ஒரு கேள்வி எழும். பல சமயம் பதில் இல்லைங்கிறதுதான். அதை எப்படி உறுதி பண்றதுன்னு காட்டுறேன். அதுக்கு முன்னாடி, இந்தக் குழப்பம் ஒரு மாநிலத்தையே ஆட்டி வச்ச கதையைக் கேட்டுக்கோங்க.

பென்சில்வேனியா. ஸ்க்ரான்டன் ஊர்க்காரர் ராபர்ட் பி. கேஸி, எல்லாரும் கூப்பிடுறது பாப் கேஸி. 1969-லேருந்து 1977 வரைக்கும் மாநிலத் தணிக்கை அதிகாரி. அங்க அது தேர்தல்ல நின்னு ஜெயிக்கிற பதவி. நல்ல பேரு எடுத்தாரு. 1976-ல மாநிலப் பொருளாளர் பதவிக்கு ஒரு ராபர்ட் கேஸி ஜெயிக்கிறாரு. இவர் இல்லை! அவரு ராபர்ட் ஈ. கேஸி, கேம்ப்ரியா கவுண்ட்டிக்காரர், எந்த உறவும் கிடையாது.

அது போகட்டும். 1978-ல நம்ம பாப் கேஸி கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியோட பிரைமரில நிக்கிறாரு. பிரைமரின்னா கட்சி வேட்பாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற முதல் சுற்று. அதே சுற்றுல துணை கவர்னர் பதவிக்கு இன்னொரு ராபர்ட் பி. கேஸி. இந்தத் தடவை நடு இனிஷியலும் அதேதான்! இவரு பிட்ஸ்பர்க் பக்கத்து ஸ்கூல் வாத்தியார், ஐஸ்கிரீம் கடையும் வச்சிருந்தவர். முடிவு என்ன தெரியுமா? கவர்னர் வேட்பாளரா பீட் ஃபிளாஹர்ட்டி வந்துட்டாரு. துணை கவர்னர் வேட்பாளரா ஐஸ்கிரீம் கடை கேஸி வந்துட்டாரு. நிஜமா பிரபலமான கேஸி வீட்டுக்குப் போயிட்டாரு.

ஏன் இப்படி ஆச்சு? அந்த மாநிலத்துல பொதுத்தேர்தல்ல கவர்னருக்கும் துணை கவர்னருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. ஆனா பிரைமரில தனித்தனி ஓட்டு. வாக்குச்சீட்டுல போட்டோ கிடையாது, சின்னம் கிடையாது. எல்லாரும் ஒரே கட்சிங்கிறதால கட்சியை வச்சும் பிரிக்க முடியாது. மிச்சம் இருக்கிறது பேரு ஒண்ணுதான். ஃபிளாஹர்ட்டி மேல, கேஸி கீழ, ரெண்டு நல்ல ஆளையும் ஜோடி சேர்த்தாச்சுன்னு நினைச்சுப் போட்ட ஓட்டு நிறைய இருக்கும்னு அப்பவே பேசிக்கிட்டாங்க. அந்த ஜோடி பொதுத்தேர்தல்ல குடியரசுக் கட்சியோட டிக் தார்ன்பர்க், வில்லியம் ஸ்க்ரான்டன் ஜோடிகிட்ட தோத்துப் போச்சு.

எட்டு வருஷம் கழிச்சு, 1986-ல, கேஸி திரும்ப வந்தாரு. ஏற்கெனவே 1966, 1970, 1978-னு மூணு தடவை பிரைமரிலயே தோத்தவர். இந்தத் தடவை பிரசாரத்துல "நிஜமான பாப் கேஸி"ன்னே சொல்லிக்கிட்டாங்க. எதிர்ல நின்னது அதே வில்லியம் ஸ்க்ரான்டன், அவரோட அப்பாவும் பழைய கவர்னர். ஸ்க்ரான்டன் ஊர்க்காரர் ஸ்க்ரான்டன்கிறவரைத் தோக்கடிச்சாரு, 80 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்துல. பின்னாடி 2007-லேருந்து 2025 ஆரம்பம் வரைக்கும் செனட்டரா இருந்த பாப் கேஸி இவரோட பையன். அந்தப் பையனும் ஒரு கட்டத்துல மாநிலப் பொருளாளரா இருந்தவர். ஆக பென்சில்வேனியா பொருளாளர் பட்டியல்ல ரெண்டு ராபர்ட் கேஸி இருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லை. இதைக் கலக்காம எழுதின கட்டுரையைப் பார்த்தாலே எனக்கு ஒரு மரியாதை வரும்.

சரி, இப்ப செக் பண்றது எப்படி. முதல்ல போக வேண்டிய இடம், அமெரிக்க காங்கிரஸோட, அதாவது அவங்க நாடாளுமன்றத்தோட, உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்பு அகராதி. பயோகைடுன்னு சொல்லுவாங்க. இலவசம், ஆன்லைன்ல இருக்கு, 1774-லேருந்து இருந்த எல்லா உறுப்பினரும் உள்ள இருக்காங்க. பேரைத் தேடி, குறிப்போட முதல் வரியைப் பாருங்க. பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள உறவு போட்டிருப்பாங்க. டாம் யூடால்னு அடிச்சா, ஸ்டூவர்ட் யூடாலோட மகன், மோரிஸ் யூடாலோட அண்ணன் மகன், மார்க் யூடால் சித்தப்பா பையன்னு நாலு பேரையும் அந்த ஒரு வரியிலயே பிடிச்சுடலாம். அடைப்புக்குறி இல்லைன்னா, காங்கிரஸ்ல நெருங்கின சொந்தம் இல்லைன்னு எடுத்துக்கலாம்.

அதே பக்கத்துல ஒரு எண் இருக்கும். சர்நேமோட முதல் எழுத்து, அப்புறம் ஆறு இலக்கம். இதைக் குறிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா பேரு ஏமாத்தும், இது ஏமாத்தாது. மைக் ராஜர்ஸ்னு ரெண்டு பேரு, ரெண்டு பேருமே குடியரசுக் கட்சி, 2003-லேருந்து 2015 வரைக்கும் பிரதிநிதிகள் சபையில ஒண்ணா உக்காந்தவங்க. மிச்சிகன்காரருக்கு ஆர் 000572, அலபாமாக்காரருக்கு ஆர் 000575. மிச்சிகன்காரர் உளவுத்துறைக் குழுத் தலைவரா இருந்தவர், அலபாமாக்காரர் 2023-ல ராணுவக் குழுத் தலைவரானவர். ரெண்டும் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைங்கிறதால விஷயத்தை வச்சும் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு 2014-லேருந்து 2018 வரைக்கும் தேசியப் பாதுகாப்பு முகமையோட தலைவர் பேரும் மைக்கேல் ராஜர்ஸ், அவரு கடற்படை அட்மிரல். பழைய செய்தியில "மைக் ராஜர்ஸ் சொன்னார்"னு பார்த்தா, மாநிலமோ பதவியோ தெரியாம அதை எடுத்துப் போடாதீங்க.

சபையே இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. ஓட்டெடுப்புப் பட்டியல்ல சர்நேம் மட்டும் போடுவாங்க. ஒரே சர்நேம் வந்தா பக்கத்துல மாநிலச் சுருக்கம் சேரும். மாநிலமும் ஒண்ணாயிருந்தா முழுப்பேரு வரும். ஜார்ஜியாவுல ஆஸ்டின் ஸ்காட் குடியரசுக் கட்சி, டேவிட் ஸ்காட் ஜனநாயகக் கட்சி. ரெண்டு பேரும் விவசாயக் குழுவுல வேற இருந்தவங்க. அதனால பட்டியல்ல "ஸ்காட், ஆஸ்டின்", "ஸ்காட், டேவிட்"னு இருக்கும், வர்ஜீனியாவோட பாபி ஸ்காட்டுக்கு மட்டும் மாநிலச் சுருக்கம் இருக்கும். நீங்க டேட்டாவை இறக்கி எக்ஸெல்ல சர்நேமை வச்சுச் சேர்த்தீங்கன்னா இங்கதான் மண்ணைக் கவ்வுவீங்க.

தேர்தல் நிதி விவரம் பார்க்கிறவங்களுக்கு இன்னொண்ணு. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் கொடுக்கிற வேட்பாளர் எண் ஆளுக்கு இல்லை, பதவிக்கு. எச்-ல ஆரம்பிச்சா பிரதிநிதிகள் சபை, எஸ்-னா செனட், பி-னா அதிபர். ஒரே ஆளு சபைக்கும் நின்னு பின்னாடி செனட்டுக்கும் நின்னா ரெண்டு எண். அதனால எண்ணு வேறன்னா ஆளும் வேறன்னு முடிவு கட்டாதீங்க.

பயோகைடுக்கும் ஒரு எல்லை உண்டு. கவர்னர், மேயர் சொந்தமெல்லாம் அதுல இருக்கும்னு நம்ப முடியாது. அங்கதான் முழுப்பேரைப் படிக்கத் தெரியணும்.

"ஜூனியர்"னு போட, அப்பா பேரு முழுசா அப்படியே இருக்கணும். அப்பா புஷ், ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ். பையன், ஜார்ஜ் வாக்கர் புஷ். நடுவுல ஒரு பேரு குறையுது, அதனால அவரு ஜூனியர் இல்லை. நம்ம பத்திரிகைகள் "ஜூனியர் புஷ்"னு எழுதினது வசதிக்காக. "இரண்டாம்"னு போட்டா வேற கணக்கு, அப்பா பேரு இல்லாம தாத்தா பேரோ பெரியப்பா பேரோ வச்சிருக்காங்கன்னு அர்த்தம். இரண்டாம் ஜோசப் பி. கென்னடி, ராபர்ட் கென்னடியோட பையன். பேரு தாத்தாவோடது. அவரோட பையன்தான் மூன்றாம் ஜோ கென்னடி.

அடுத்து, பிறந்தப்ப என்ன சர்நேம்? பில் கிளின்டன் பிறந்தது பிளைத்ங்கிற பேருல. கிளின்டன்கிறது வளர்ப்பு அப்பா ரோஜரோட சர்நேம். அதனால 1805-லேருந்து 1812 வரைக்கும் துணை அதிபரா இருந்த ஜார்ஜ் கிளின்டனோட முடிச்சுப் போட எந்த நூலும் இல்லை. ஜெரால்ட் ஃபோர்டும் பிறந்தப்ப லெஸ்லி லின்ச் கிங் ஜூனியர்.

சர்நேம் அம்மா வழியைக் காட்டாதுங்கிறதையும் மறக்காதீங்க. கமலா ஹாரிஸோட ஹாரிஸ், ஜமைக்காவுல பிறந்த அப்பா டொனால்ட் ஹாரிஸ்கிட்டேருந்து வந்தது. அம்மா சியாமளா கோபாலன் பிறந்தது மெட்ராஸ், துளசேந்திரபுரம் தொடர்பு தாத்தா பி.வி. கோபாலன் வழி. ஹாரிஸ்னு தேடினா மேரிலாண்ட் ஆண்டி ஹாரிஸ்தான் வந்து நிப்பாரு, அவருக்கும் கமலாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதே மாதிரி ஓரிகான் செனட்டர் கோர்டன் ஸ்மித். பேரைப் பார்த்தா ஆயிரம் ஸ்மித்ல ஒருத்தர். ஆனா அம்மா யூடால் வீட்டுப் பொண்ணு. 2008-ல டாம், மார்க் ரெண்டு யூடாலும் செனட்டுக்கு ஜெயிச்ச அதே நாள்ல, எதிர்க்கட்சியில இருந்த இந்த உறவுக்காரர் தோத்தாரு.

ரூஸ்வெல்ட் கேஸ்ல உறவு உண்டு, ஆனா ரொம்பத் தூரம். தியோடர், ஃபிராங்க்ளின் ரெண்டு பேருக்கும் பொது முன்னோர் நிக்கலஸ் ரூஸ்வெல்ட், ரெண்டு பக்கமும் ஆறு தலைமுறை மேல. மகன் யோஹானஸ் வழி தியோடர், மகன் யாகோபஸ் வழி ஃபிராங்க்ளின். கட்சியும் வேற வேற. நெருக்கம் வந்தது கல்யாணத்தால. ஃபிராங்க்ளின் கட்டிக்கிட்ட எலினார், தியோடரோட தம்பி பொண்ணு. 1905-ல தாரை வார்த்துக் குடுத்தது அதிபர் பெரியப்பாவேதான்! எலினார் பிறந்த வீட்டு சர்நேமும் ரூஸ்வெல்ட், புகுந்த வீட்டு சர்நேமும் ரூஸ்வெல்ட்.

பிரதிநிதிகள் சபையில ஒரே இடத்தைப் பரம்பரையா வச்சிருக்கிறதுக்கு உதாரணம் டிங்கெல் குடும்பம். மிச்சிகன்ல 1933-ல அப்பா, 1955-ல பையன், 2015-ல பையனோட மனைவி டெபி. பையன் மட்டும் 59 வருஷம். ஆனா இதைத் தொகுதி எண்ணை வச்சுத் தேடினா கிடைக்காது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லையை மாத்தி வரையுறாங்க. டெபியே 12-ஆவது தொகுதியில ஆரம்பிச்சு 2023-லேருந்து 6-ஆவது. சர்நேமையும் மாநிலத்தையும் வச்சுத்தான் தேடணும்.

கடைசியா கென்னடி. லூசியானா செனட்டர் ஜான் கென்னடி, குடியரசுக் கட்சி, 2017-லேருந்து இருக்காரு. அதிபர் கென்னடி குடும்பத்துக்குச் சொந்தம் இல்லை. 1988-லேருந்து 2018 வரைக்கும் உச்ச நீதிமன்றத்துல இருந்த அந்தோனி கென்னடியும் இல்லை. இதை விட ருசியான கேஸ் மாசசூசெட்ஸ்லயே, அந்தக் குடும்பத்தோட சொந்த மண்ணுலயே இருக்கு. ஜான் ஃபிரான்சிஸ் கென்னடின்னு ஒருத்தர், ஜில்லெட் பிளேடு கம்பெனி ஸ்டாக் ரூம்ல வேலை பார்த்தவர். 1954-ல மாநிலப் பொருளாளர் பதவிக்கு நின்னாரு. வாக்குச்சீட்டுல "ஜான் எஃப். கென்னடி". ஜெயிச்சாரு. ஒருதடவை இல்லை, மூணு தடவை, 1961 வரைக்கும் பதவியில இருந்தாரு. 1958-ல ஒரே நாள்ல, ஒரே வாக்குச்சீட்டுல, செனட்டுக்கு ஒரு ஜான் எஃப். கென்னடி, பொருளாளருக்கு ஒரு ஜான் எஃப். கென்னடி, ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க. 1960-ல இவரு கவர்னர் பதவிக்கு ஆசைப்பட்டு பிரைமரில நின்னாரு. அங்க பேரு உதவலை, தோத்துட்டாரு.