எதிர் வீட்டுக்கு பெலாரஸ்காரர் வந்திருக்கிறார்

(திரையில்: போலந்தின் வார்சாவில் ஓர் அடுக்ககப் படிக்கட்டு. ஒரு குடும்பம் பெட்டிகளை மேலே தூக்கிக்கொண்டு போகிறது.)

வார்சாவிலோ லிதுவேனியாவின் வில்னியஸிலோ குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. எதிர் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பேச்சு காதில் ரஷ்ய மொழியாக விழுகிறது. நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள்: "ரஷ்யாவிலிருந்தா?" அவர் முகம் சுருங்குகிறது. "பெலாரஸ்." அவ்வளவுதான். கதவு சாத்திக்கொள்கிறது.

திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மொழியைப் பார்ப்போம்.

பெலாரஸுக்குத் தனி மொழி உண்டு. ஆனால் 1995-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு ரஷ்ய மொழியும் ஆட்சிமொழி ஆனது. நகரங்களில் பெரும்பாலோர் வீட்டிலும் பேசுவது அதுதான். இரண்டும் கலந்த பேச்சுக்கு 'திரசியான்கா' என்று பெயர். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் கலந்து மாட்டுக்குப் போடுவார்களே, அந்தக் கலவைக்கான சொல் அது. ஆக, ரஷ்ய மொழி பேசுகிறார் என்பதற்காக அவர் ரஷ்யர் இல்லை. நன்றி சொல்ல ரஷ்ய மொழியின் 'ஸ்பசீபா' போதும், புரியும். ஆனால் ஒருமுறை 'ஜியாகுய்' என்று பெலாரஸ் மொழியில் சொல்லிப் பாருங்கள்.

(திரையில்: வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டைக் கொடி. பக்கத்தில் சிவப்பு-பச்சைக் கொடி.)

அதே 1995 வாக்கெடுப்பில் கொடியும் மாறியது. சோவியத்திலிருந்து பிரிந்த 1991-இல் ஏற்றிய வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடி போய், சோவியத் காலக் கொடியின் சாயலில் ஒன்று வந்தது. 1994 முதல் அதிபராக இருக்கும் லுகஷென்கோ, 2020 ஆகஸ்ட் தேர்தலிலும் தானே வென்றதாக அறிவித்தபோது, மக்கள் அந்தப் பழைய கொடியோடுதான் தெருவுக்கு வந்தார்கள். ஆயிரக்கணக்கில் கைது. அதன் பிறகு லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள்.

இங்கேதான் நம் ஆர்வம் வினையாகும். வரவேற்கிறேன் என்று அந்தக் கொடியைப் பிடித்து குரூப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். அவருடைய அம்மா இன்னும் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் இருக்கலாம். அரசு 'தீவிரவாதம்' என்று முத்திரை குத்திய டெலிகிராம் சேனலைப் பின்தொடர்ந்ததற்கே அங்கே ஆட்களைப் பிடித்து வைக்கிறார்கள். கேட்காமல் படம் வேண்டாம்.

இன்னொன்று, "லீவுக்கு ஊருக்குப் போகலையா?" என்ற கேள்வி. 2023 செப்டம்பரில் வந்த ஓர் ஆணைப்படி வெளிநாட்டிலுள்ள பெலாரஸ் தூதரகங்கள் பாஸ்போர்ட் புதுப்பிப்பதில்லை. காலாவதியானால் நாட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். போராட்டத்தில் நின்றவருக்கு அது சிறைவாசலாகவும் இருக்கலாம். நமக்குச் சாதாரணமான கேள்வி, அவருக்கு அப்படி இல்லை.

(திரையில்: பனியில் மூன்று பிர்ச் மரங்கள். நான்காவது இடத்தில் நெருப்பு.)

இது ஹத்தின். மின்ஸ்குக்கு வடக்கே இருந்த கிராமம். 1943 மார்ச் 22 அன்று நாஜிப் படை 149 பேரை இங்கே கொன்றது. பெரும்பாலோரை ஒரு கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். இறந்தவர்களில் 75 பேர் குழந்தைகள். எரிந்த 26 வீடுகளின் இடத்தில் இன்று வீட்டுக்கொரு புகைபோக்கி மாதிரித் தூண், அதில் ஒரு மணி. முப்பது விநாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. போரில் நாட்டில் நால்வரில் ஒருவர் இறந்தார் என்பதற்காகத்தான் மூன்று மரங்கள், ஒரு நெருப்பு. நவம்பர் தொடக்கத்தில் 'ஜியாதி' என்ற நாளில் முன்னோருக்கும் சேர்த்துத் தட்டு வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் உண்டு, கிட்டத்தட்டப் படையல்தான். அன்று அவர் வீட்டில் மேசையில் ஆளில்லாத தட்டைப் பார்த்தால் யாருக்கென்று கேட்கலாம். தாத்தா பாட்டி கதை பெரும்பாலும் அப்படித்தான் வெளியே வரும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். 'திரானிக்கி'. பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயமும் உப்பும் சேர்த்து, எண்ணெயில் முறுகலாகச் சுட்டு, புளித்த கிரீமோடு சூடாகத் தருவார்கள். ஆறவிட்டால் ருசி போச்சு. உருளைக்கிழங்கை வைத்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வார்கள். அதற்காக 'புல்பாஷ்' (உருளைக்கிழங்குக்காரர்) என்று நீங்கள் கூப்பிட வேண்டாம், அது அவர்களுக்குள் மட்டும்.

பூ வாங்கிப் போனால் எண்ணிப் பார்த்து ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. ஷூவை வாசலிலேயே கழற்றிவிடுங்கள், வீட்டுச் செருப்பை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

(திரையில்: மீண்டும் அதே படிக்கட்டு. அதே கதவு பாதி திறந்திருக்கிறது.)

அப்புறம், ஒருநாள் அவரே உங்கள் கதவைத் தட்டி, மூடிபோட்ட தட்டோடு நிற்பார். சந்தோஷத்தில் வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்தே கை நீட்டிவிடாதீர்கள். படியைத் தாண்டிக் கைகுலுக்கினால் ஆகாது என்று அவர்கள் ஊரில் நம்பிக்கை. உள்ளே கூப்பிட்டு, அப்புறம் கை கொடுங்கள்.