மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?

பிரிட்டனில் வேலைக்குச் சேரவிருக்கும் இளம் டாக்டர்களுக்கு வணக்கம்.

அங்கே கேஷுவால்ட்டியிலிருந்தும் ஜி.பி. என்னும் குடும்ப டாக்டரிடமிருந்தும் வரும் மெடிக்கல் கேஸ்கள் பெரும்பாலும் முதலில் சேருமிடம் அக்யூட் மெடிக்கல் யூனிட். ஏ.எம்.யூ. என்றுதான் சொல்வார்கள். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் வீட்டுக்கோ வேறு வார்டுக்கோ அனுப்பிவிட வேண்டும். நம்மூர் ஜி.ஹெச்.சில் நின்று பழகியவர்களைக் கூட்டம் மிரட்டாது. நோயைக் கண்டுபிடிப்பதிலும் நீங்கள் சளைத்தவர்கள் இல்லை. மருந்தை ஆரம்பித்துவிட்டு, திரும்பிப் போய்ப் பார்க்காமல் விடுவதில்தான் சறுக்கல்.

படுக்கைக்குப் படுக்கை, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் ‘நியூஸ்-2’ மதிப்பெண் சார்ட் இருக்கும். ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்தியது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிரஷர், நாடி, நினைவு, உடல் வெப்பம் என ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. ஆக்சிஜன் ஓடினால் இன்னும் 2. மொத்தம் 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 என்றால் எமர்ஜென்சி. பரீட்சை மார்க்குக்கு நேர் எதிர், ஏறினால் ஆபத்து.

இந்த ஆறில் அதிகம் பொய் சொல்வது மூச்சு. வரிசையாக எட்டுப் பேருக்கு 16, 18, 16 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நிமிஷத்துக்கு 25 தொட்டாலே அதற்கு மட்டும் 3 மதிப்பெண். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒன்று விட்டாலும் நாலு குறையும்.

இப்போது டி.கே.ஏ. கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறிவிடும் நிலை. பிரஷர் 90-க்கு மேல் இருந்தால் முதல் லிட்டர் நார்மல் சலைன் ஒரு மணி நேரத்தில். ஆக்ட்ராபிட் போன்ற சால்யுபிள் இன்சுலின் 50 யூனிட்டை 50 மில்லி சலைனில் சேர்த்து, கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட், 70 கிலோ ஆளுக்கு பம்ப்பில் மணிக்கு 7 மில்லி. இதுவரை யாரும் தவறுவதில்லை.

முதல் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.2 இருக்கும். நிம்மதி வேண்டாம். இன்சுலின் அதைச் செல்லுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். 3.5-லிருந்து 5.5 வரை இருந்தால் இரண்டாவது பாட்டிலிலிருந்து லிட்டருக்கு 40 மில்லிமோல் பொட்டாசியம் போக வேண்டும். 3.5-க்குக் கீழே இறங்கினால் சீனியரைக் கூப்பிடுங்கள். முதல் மணியில், இரண்டாம் மணியில், பிறகு இரண்டு மணிக்கொரு தரம் வெனஸ் காஸ், அதாவது சிரை ரத்தத்தில் அமிலமும் பொட்டாசியமும் பார்க்கும் டெஸ்ட். சர்க்கரையும் கீட்டோனும் மணிக்கொரு தரம்.

சர்க்கரை 14 மில்லிமோலுக்குக் (நம்மூர்க் கணக்கில் சுமார் 250) கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்; கீட்டோனை அடக்குவது அதுதான். சலைனோடு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 125 மில்லி சேருங்கள், இன்சுலினை 0.05 ஆகக் குறைக்கலாம். கீட்டோன் மணிக்கு 0.5 இறங்கவில்லையா? டோஸைக் கூட்டுமுன் கையைப் பாருங்கள். கேனுலா போட்ட இடம் வீங்கியிருக்கும், இல்லை குழாயில் இருக்கும் த்ரீ-வே திருகு மூடியிருக்கும். பம்ப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்!

இரவு ஹேண்ட்ஓவரில் “டி.கே.ஏ., ட்ரீட்மென்ட் போகுது, ஸ்டேபிள்” என்று சொன்னால் கேட்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. “7-ஆம் படுக்கை, ஆறு மணிக்கு ஆரம்பிச்சோம், எட்டு மணிக்கு பொட்டாசியம் 3.9, பத்து மணிக்கு காஸ் எடுக்கணும், 3.5-க்குக் கீழே போனா ரெஜிஸ்ட்ராருக்கு போன்” என்று சொல்லுங்கள்.

விட்டுப்போகும் இன்னொன்று, வீட்டில் போட்டுவந்த லான்டஸ் போன்ற நீண்ட நேர இன்சுலின்; அதை நிறுத்தாமல் தொடர வேண்டும். அதை மருந்துச் சீட்டில் அன்றே எழுதுங்கள். கீட்டோன் அடங்கி, அவர் சாப்பிட ஆரம்பித்ததும், சாப்பாட்டு இன்சுலினைத் தோலடியில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்து பம்ப்பை நிறுத்துங்கள். ரத்தத்தில் போகும் இன்சுலின் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும்.