கூத்துக்காரரும் வித்துவானும் ஒரே வரிசையில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

ஒரு ரசிகர் தனக்குப் பிடித்த இசைக்கலைஞர்களை வரிசைப்படுத்தும்போது கச்சேரி, சினிமா, கூத்து, மேற்கத்திய இசை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா, வகைக்கொரு பட்டியல் போட வேண்டுமா என்பதுதான் இன்றைய வழக்கு. ஒரே பட்டியல்தான் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசியவர், "ஆரணி அரிசியையும் ஆம்பூர்த் தோலையும் ஒரே தராசில் வைப்பீர்களா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். வைக்கலாம் ஐயா, இரண்டுக்கும் எடை உண்டு! இசைக்கும் மூன்று எடைக்கல் உண்டு. கையில் இருந்த கருவியும் நேரமும் எவ்வளவு குறுகலானவை, அந்தக் குறுகலுக்குள் கலைஞர் எவ்வளவு செய்தார்? இது முதல் கல். சுருதியும் லயமும் கடைசிவரை கலையாமல் நின்றனவா? இது இரண்டாவது. பெயர் சொல்லாமல் பத்து விநாடி போட்டால் இன்னார் என்று தெரிகிறதா? இது மூன்றாவது. இந்த மூன்றில் எது கூத்துக்குப் பொருந்தாது? எது சினிமாப் பாட்டுக்குப் பொருந்தாது?

வகைகள் வேறு என்கிறீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டு அப்படி நினைக்கவில்லையே. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். இரவெல்லாம் வாசிக்கும் நாகஸ்வர வித்துவானுக்கும் அதே மூன்று நிமிடம். நாடக மேடையிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாளுக்கும் அதே மூன்று நிமிடம். கடல் தாண்டி அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டுக்கும் அதேதான். ஆகவே ஒப்பிடும் முறையும் தெளிவு: தட்டைத் தட்டோடு ஒப்பிடுங்கள். 1930களின் மூன்று நிமிட ஆலாபனையை, பிற்காலத்தில் நாடாவில் பதிந்த நாற்பது நிமிட ராகத்தோடு மோதவிட்டால் தட்டுக்காரர் தோற்பார். அது கலைஞரின் தோல்வி ஆகாது.

என் வரிசையின் முதல் பெயர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நாகஸ்வரத்தில் விரலாடும் துளைகள் ஏழு. துளையை மூடித் திறக்கும் சாவி கிடையாது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பெரும்பாலும் மூச்சிலும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதடு பிடிக்கும் அழுத்தத்திலும் இருக்கிறது. அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தால் சுரம் இறங்கிவிடும், கூடினால் ஏறிவிடும். உச்சக் குரலில் ஒலிக்கும் குட்டையான திமிரியிலிருந்து நீண்ட பாரி நாகஸ்வரத்துக்கு அவர் மாறியதால் சுருதி இறங்கியது, ஆலாபனைக்கு அகலம் கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங் (1901–1971) ஏறக்குறைய அவர் வயதுக்காரர், அவரும் காற்றுக் கருவிக்காரர். மூன்று வால்வு உள்ள டிரம்பெட்டை வைத்துக்கொண்டு, எல்லாரும் கூடி வாசித்த ஜாஸை ஒருவர் முன்னின்று கற்பனை செய்யும் இசையாகத் திருப்பினார். இருவரையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் ஒருவர் செய்த வேலை மற்றவரிடம் விளங்குகிறது. தனித்தனிப் பட்டியலில் இந்த வெளிச்சம் கிடைக்காது. சுரத்துக்குச் சுரம் கமகத்தைத் தாங்க வேண்டிய பாரம் நாகஸ்வரத்துக்குக் கூடுதல் என்பதால் பிள்ளை முதலிடம், ஆம்ஸ்ட்ராங் ஐந்தாமிடம்.

இரண்டாமிடம் எம்.எஸ். சுப்புலட்சுமி. 1998இல் பாரத ரத்னா பெற்ற அவர், இளமையில் திரையில் நடித்துப் பாடியவர். எதிரணி அவரை எந்தப் பட்டியலில் போடும்? மதுரை சோமுவை எங்கே போடும்? அவருடைய குரு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. அந்தச் சித்தூர் 1911 வரை நம் வட ஆற்காட்டின் தலைநகர். குரு வழியில் கச்சேரி வித்துவான். ஆனால் சினிமாவிலும் அவர் குரல் ஒலித்தது. வேலி போட்டால் இவர்கள் வேலி மேலேயே நிற்க வேண்டியதுதான். மூன்றாமிடம் இளையராஜா, பேஸ் கிட்டாரையும் வயலின் கூட்டத்தையும் பாட்டுக்குள் தனித்தனி மெட்டாகவே பேச வைத்ததற்காக.

நான்காமிடத்துக்குத்தான் இந்த மேடையில் நான் நிற்கிறேன். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான். புரிசை, செய்யாறு வட்டம், 1989 வரை வட ஆற்காடு மாவட்டம். நம் மண். மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் உடம்பில் கனக்க, சுழன்று ஆடியபடியே விடியும்வரை பாடுகிற கலை இது. பக்கத்தில் மத்தளம், தாளம், ஆர்மோனியம், குட்டி நாகஸ்வரம் போன்ற முகவீணை. ஆடிய மூச்சு அடங்குமுன் அடுத்த அடியை எடுக்க வேண்டும். என் முதல் எடைக்கல்லை இங்கே வைத்துப் பாருங்கள், தராசுத் தட்டு எவ்வளவு தாழ்கிறது!

"பதிவில் கேட்டால் குரல் மங்கிப் போகிறதே" என்பார்கள். காரணம் குரலில் இல்லை. மைக் ஓரிடத்தில் நிற்கிறது, கூத்தாடி வட்டமடிக்கிறார். முகவீணையின் கூர்மையும் தாளமும் மைக்கை நிறைத்துவிடுகின்றன. அதனால் ஆட்டத்தில் பாடுவதை முதலில் எடுக்காதீர்கள். திரைக்குப் பின்னால் நின்று, தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுளான விருத்தத்தைக் கேளுங்கள். அங்கே பாடுபவர் நகர்வதில்லை. பிறகு மதுரை சோமுவின் விருத்தம், சீர்காழி கோவிந்தராஜனின் விருத்தம். தாளம் இல்லாத இடத்தில் ராகத்தைச் சொல் தாங்குகிறதா, குரலின் வேகச் சுழற்சியான பிருகாவுக்காகச் சொல் பொருள் கெட்டு உடைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கூத்துக்கும் கச்சேரிக்கும் சினிமாவுக்கும் பொதுவான சோதனை நம் தமிழிலேயே இருக்கிறது, நடுவர் அவர்களே. "நாட்டுப்புறம்" என்று தனிப் பட்டியல் போட்டால் தம்பிரானுக்கு அங்கே முதலிடம் கொடுத்துவிட்டு, பெரிய பட்டியலின் வாசலில் அவரை நிறுத்திவிடுவார்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

ஒப்பிடும்போது நடக்கும் பிழைகளையும் சொல்ல வேண்டும். சத்தம் சற்றுக் கூடிய பதிவு நன்றாக இருப்பது போலவே காதுக்குப் படும். இன்றைய பதிவுகள் சத்தத்தைத் தூக்கி வைக்கின்றன, பழைய வானொலி நாடாக்கள் மெலிந்தவை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். அடுத்தது வேகம். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் வெட்டப்பட்டவை அல்ல. வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் அதற்கு மேல் ஒன்றரைக் கட்டையில் பாடியதுபோல் கேட்கும், பிருகாவும் செயற்கையாக விரையும். குரல் கீச்சென்று, சொற்கள் நறுக்கென்று ஓடினால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை மயக்கமும் உண்டு. 17,695 பாடல்களுக்காக 2016இல் பி. சுசீலா கின்னஸில் இடம்பெற்றார். அது அவருடைய உழைப்பின் அளவு. எனக்கு அவர் ஆறாமிடத்தில் இருப்பது, உச்சரிப்பில் ஓர் எழுத்தும் கலங்காமல் மேல் ஸ்தாயியைத் தொடுவதற்காக.

"பத்துப் பேரை எப்படி வரிசையாக்குவது, தலை சுற்றுமே" என்றார் எதிரணித் தலைவர். ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரோடு மோதவிட்டால் 45 ஜோடி வரும், சுற்றத்தான் செய்யும். அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு பேரை முதலில் முடிவு செய்யுங்கள். புதிதாக வருபவரை வரிசையின் நடுவில் இருப்பவரோடு முதலில் ஒப்பிடுங்கள். மேல் என்றால் மேல்பாதியின் நடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடு, இடம் கிடைக்கும்வரை இப்படியே. பத்துப் பேருக்கு அதிகமாகப் போனால் 25 ஒப்பீடு. ஒரே நாளில் செய்தால் கடைசியில் கேட்டவர் மேலே ஏறிவிடுவார். நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டியலின் அடியில் தேதி போடுங்கள். ஆறு மாதம் கழித்து மாறினால் எந்த எடைக்கல்லில் மாறியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.

நாகூர் ஹனிபாவின் குரலுக்கு இந்த வரிசையில் எந்த இடம் என்பதை என் அணித் தோழர் சொல்வார். வணக்கம்.