மக்குஷி வேட்டைக்காரர்களோடு காட்டுக்குள் போகுமுன்

வணக்கம் நேயர்களே. தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் கயானா நாட்டைப் பற்றி இன்று பேசப்போகிறேன். நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காடு. ருபுனுனி புல்வெளியும் இவோக்ரமா மழைக்காடும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மக்குஷி பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. சுரமா அவற்றில் ஒன்று. அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் வெளியிலிருந்து வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய், மிகக் குறைந்த பொருட்களோடு அங்கே எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்குவதற்குக் கூரை போடுவது, ஈர விறகில் தீ மூட்டுவது, மீன் பிடிப்பது, தடம் பார்ப்பது எல்லாம் உண்டு. சில பயணங்களில் கடைசி ஓரிரு நாள் உங்களைத் தனியாகவே விட்டுவிடுவார்கள்.

அவர்களிடம் கற்றவள் நான். இப்போது போக நினைக்கிறவர்களைத் தயார்செய்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கத்தி வாங்கலாம் என்பது. அடுத்தது, எவ்வளவு உடற்பயிற்சி வேண்டும் என்பது. இரண்டுமே தேவைதான். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பாதத்தை. காட்டில் உங்களுக்கு வேண்டிய உணவையும் நெருப்பையும் வழியையும் வேட்டைக்காரர் காட்டித்தருவார். உங்கள் தோலை அவர் பார்த்துக்கொள்ள முடியாது, அது உங்கள் வேலை.

மழைக்காட்டில் எதுவும் காயாது. ஓடைகளில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அதனால் நாள் முழுக்கக் கால் நனைந்தே இருக்கும். தொடர்ந்து ஈரத்தில் ஊறிய பாதம் வெளுத்து, சுருங்கி, தோல் உரிய ஆரம்பிக்கும். அப்புறம் அந்த வெடிப்பில் பூஞ்சையும் கிருமியும் புகும். மூன்றாவது நாள் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், உங்களால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துடைத்து, பூஞ்சைக்கான பவுடரைத் தூவி, காய்ந்த காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

உடையிலும் அதே கணக்குதான். இரண்டே செட் போதும்: ஒன்று நனைவதற்கு, ஒன்று தூங்குவதற்கு. தூங்கும் செட் நீர் புகாத பையைவிட்டுப் பகலில் வெளியே வரக்கூடாது. விடியற்காலையில் காய்ந்த துணியைக் கழற்றி, முந்தின நாள் ஈரத்துணியைக் குளிரக் குளிர மாட்டிக்கொள்ள வேண்டும். கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல உடல்வலு உள்ள பலர் தடுமாறுவது அங்கேதான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என்று காய்ந்த சட்டையிலேயே நடந்துவிட்டால், அன்று இரவு போட்டுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

தரையில் யாரும் படுப்பதில்லை. தொங்குபடுக்கை, அதன்மேல் கொசுவலை, அதற்கும் மேலே தார்ப்பாய். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டத் தெரியும்வரை பழகுங்கள். யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே ஒருமுறை கட்டிப்பாருங்கள். நீளவாக்கில் நேராகப் படுத்தால் முதுகு வளைந்துவிடும், கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் உடம்பு சமமாக நிற்கும். மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளையோ காய்ந்த மரமோ அருகில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். ராத்திரி மழையில் கிளை முறிந்து விழுவது, ஜாகுவார் என்ற பெரும்பூனையைவிட உண்மையான ஆபத்து. வலையை நன்றாக மூடுவதும் முக்கியம். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் அங்கே உண்டு, அவற்றின் கடியால் வெறிநோய் (ரேபிஸ்) வரலாம்.

நீண்ட வெட்டுக்கத்தியைக் கயானாவில் கட்லாஸ் என்பார்கள். அதைக் கையில் எடுத்துப் பழகாமல் போகாதீர்கள். வெட்டு எப்போதும் உங்கள் காலைவிட்டு விலகிப் போக வேண்டும். கையை நீட்டிக் கத்தியைச் சுழற்றினால் எட்டும் தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு வழி ஒரு நாள் ஆகலாம் என்ற இடத்தில், முழங்காலில் விழும் ஒரு வெட்டு சின்னக் காயம் ஆகாது.

மருத்துவ ஏற்பாட்டுக்கு, புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும் என்று விதி மாறியிருக்கிறது. வெறிநோய்க்கு முன்கூட்டிப் போடும் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். கயானாவின் உள்பகுதியில் மலேரியா உண்டு. அது வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால், அந்த மாத்திரை தோலை வெயில் தாங்காமல் செய்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். காட்டு நிழலில் தெரியாது, புல்வெளியிலும் படகிலும்தான் சுடும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அங்கே மருந்துக்குச் சமம்.

பாம்பைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. லபாரியா என்று அங்கே சொல்லும் விரியன் காய்ந்த சருகுக்குள் கிடந்தால் பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வேட்டைக்காரர் கால் வைத்த இடத்தில் கால் வையுங்கள். கட்டையைத் தாண்டும்போது முதலில் அதன் மேலே ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவர வேண்டும். அதனால்தான் செயற்கைக்கோள் போன் யாரிடம் இருக்கிறது, விமானத்தில் மீட்கும் செலவைக் காப்பீடு ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்கச் சொல்கிறேன். பதில் மழுப்பலாக வந்தால் அந்த ஏற்பாட்டாளரை விட்டுவிடுங்கள்.

சரி, இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரு பெரியவர் கொகரைட் பனையின் கீழே குந்தி உட்கார்ந்து, பாதி கடித்த ஒரு பழக்கொட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். பல் பட்ட இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது, பழுப்பேறவில்லை. விரலால் தரையில் ஒரு சின்னக் கால்தடத்தைக் காட்டினார், அதன் ஓரம் உடையாமல் நின்றது. கொஞ்ச நேரம் முன்னால்தான் அகூட்டி வந்து போயிருக்கிறது. முயலைவிடப் பெரிய கொறிக்கும் விலங்கு அது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படித்தான் பாதிப் பாடம் நடக்கும். குட்டைத் தும்பிக்கை போன்ற மூக்குள்ள டேப்பிர் என்ற விலங்கு எழுப்பும் மெல்லிய விசிலை அவர்கள் உதட்டாலேயே எழுப்புவார்கள், சில நேரம் பதில் வரும். இதையெல்லாம் கேட்க நமக்குக் காது பழக வேண்டும். புறப்படுமுன் தினமும் கொஞ்ச நேரம் ஒரு மரத்தடியில் போன் இல்லாமல் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். நான் தருகிற பயிற்சிகளில் பலரும் பாதியில் விடுவது இதுதான், அங்கே போனதும் அதிகம் உதவுவதும் இதுதான்.

அவர்களுடைய அறிவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குக் கசப்பு மரவள்ளியே சாட்சி. பச்சையாகத் தின்றால் சயனைடு ஆளைக் கொல்லும். அதைத் துருவி, மட்டபி என்ற பின்னல் குழாயில் அடைத்து, இழுத்துப் பிழிந்து நஞ்சை வெளியேற்றுகிறார்கள். மாவை வறுத்தால் ஃபரீன் என்ற பொரபொரப்பான குருணை கிடைக்கும். மாதக்கணக்கில் கெடாது. ஓடைத் தண்ணீரில் ஒரு பிடி போட்டால் உப்பி வயிற்றை நிரப்பும். வேட்டைக்காரர் பையில் இது இருக்கும். பிழிந்த சாற்றையும் வீணாக்காமல் நெடுநேரம் கொதிக்கவைத்துக் குழம்புக்கான கருஞ்சாறு ஆக்கிவிடுகிறார்கள். மக்குஷிகள் அம்பில் தடவும் குராரே நஞ்சைத் தேடி இங்கிலாந்துக்காரர் சார்ல்ஸ் வாட்டர்டன் 1812-இல் இந்தப் பகுதிக்கு வந்தார். ரத்தத்தில் கலந்தால் தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் அந்த நஞ்சு, வயிற்றுக்குள் போனால் உடம்பில் அதிகம் சேர்வதில்லை. அதனால் அப்படி வேட்டையாடிய இறைச்சியைச் சாப்பிடலாம். 1942-இல் குராரே வகை நஞ்சிலிருந்து எடுத்த மருந்து, தசையைத் தளர்த்த அறுவைச் சிகிச்சை மேசைக்கு வந்தது. இவ்வளவையும் கண்டுபிடித்தவர்களின் பரம்பரையிடம் நாம் படிக்கப் போகிறோம். வாடிக்கையாளர் தோரணையைத் தலைநகர் ஜார்ஜ்டவுனிலேயே விட்டுவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான்.

தீ மூட்டுவதைப் பார்த்தாலும் அப்படித்தான். ஹையாவா மரத்தின் பிசினைக் கொஞ்சம் சேகரித்து வைத்திருப்பார்கள். குங்கிலியம் போல மணக்கும், மழையிலும் பிடித்து எரியும். விறகின் நனைந்த வெளிப்பக்கத்தைச் செதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியை மெல்லிய சீவல்களாக எடுத்து அதன்மேல் அடுக்குவார்கள். வில்லால் மீன் குத்தும்போது, தண்ணீரில் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் ஒளி வளைவதால் மீன் உண்மையில் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. முதலில் எல்லோருக்கும் தவறும்.

ஊர் நிலத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. கயானாவின் 2006-ஆம் ஆண்டு பழங்குடிச் சட்டப்படி, வெளியார் ஊர் மன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். ஊர்த் தலைவரை டோஷாவ் என்பார்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவர். உங்கள் பயண ஏற்பாட்டாளர் அந்த அனுமதியை வாங்கியிருக்கிறாரா, கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு போகிறது, வழிகாட்டும் வேட்டைக்காரருக்கு நாள்கூலி எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதே மாதிரி, எனக்காக ஒரு விலங்கை அடித்துக் காட்டுங்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவர்கள் வேட்டையாடுவது வீட்டு அடுப்புக்காக. இறகு, தோல், பல் எதையும் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

காலம் பார்த்துப் போங்கள். ருபுனுனியில் மே முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும், பாதைகள் மூழ்கும். உடல்வலுவுக்கு, பாரம் சுமந்துகொண்டு வெக்கையில் நீண்ட தூரம் மெதுவாக நடந்து பழகினால் போதும்.

திரும்பி வந்த பிறகும் வேலை முடியாது. டாக்ஸிசைக்ளினைக் காட்டைவிட்டு வெளியேறிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தக்கூடாது. மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மழைக்காட்டுக்குப் போய்வந்தேன், மலேரியா சோதனை செய்யுங்கள் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். மணல் ஈ கடித்த இடத்தில் வலிக்காத ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், அது மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி கிடையாது, சிகிச்சை உண்டு. களிம்பு போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். வணக்கம்.