கொடைக்கானலில் கிரகணம் பார்க்கப் போகிறீர்களா? கண்ணாடி மட்டும் போதாது

[திரையில்: கொடைக்கானல் மலைச் சாலை, மேலே தெளிந்த வானம்]

வணக்கம். 2031 மே 21, புதன்கிழமை. இந்தத் தேதியை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் தென் தமிழ்நாட்டில் வளைய சூரிய கிரகணம் தெரியப்போகிறது. சந்திரன் அன்றைக்கு நம்மிடமிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், சூரியனை முழுதாக மூட முடியாமல் சுற்றிலும் ஒரு ஒளி வளையத்தை மிச்சம் வைக்கும். தேனியும் மதுரையும் அந்த வளையம் தெரியும் பாதைக்குள் வருகின்றன. கொடைக்கானல் பாதையின் வடக்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது. விளிம்பில் சில கிலோமீட்டர் தள்ளி நின்றாலே காட்சி மாறிவிடும். அதனால் நீங்கள் நிற்கப்போகும் இடத்தைக் கிரகண வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகு அறை போடுங்கள். அதற்கு முன்பே, 2027 ஆகஸ்ட் 2 மாலையில் ஒரு பகுதி கிரகணமும் வருகிறது.

கொடைக்கானலுக்கும் சூரியனுக்கும் பழைய உறவு உண்டு. இங்குள்ள சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். அதே எவர்ஷெட் 1922-ல் ஒரு முழு கிரகணத்தைப் பார்க்கக் கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் வாலல் வரை போனார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால் போதும். ஆனால் அந்த மலையேற்றத்தில்தான் பலரும் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கிரகணம் என்றதும் எல்லோருக்கும் கண் ஞாபகம் வருகிறது, நல்லது. தூக்கம், தண்ணீர், கொண்டை ஊசி வளைவு, பிரேக் இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முந்தின நாளே மேலே ஏறிவிடுங்கள், கிரகணம் முடிந்த மறுநாள் காலையில் இறங்குங்கள்.

[திரையில்: காட்ரோடு சந்திப்பு, வரிசையாக நிற்கும் வண்டிகள்]

ஏன் என்று சொல்கிறேன். மே மாதம் கொடைக்கானலில் சீசன். பள்ளி லீவு வேறு. இந்தக் கூட்டத்தோடு கிரகணக் கூட்டமும் சேரும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்பும் சமயத்தில் என்ன விதி என்று பார்த்து, பாஸ் எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினால் காலையில் போய்ச் சேர்ந்துடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். தூங்காத டிரைவர், விடியலில் இறங்கும் மூடுபனி, பெருமாள்மலைக்கு முன்னால் நகராத வண்டிகள், பின் சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தை என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

வாந்தி வரும் ஆட்கள் முன் சீட்டில் உட்காரட்டும். தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது. ஏறுவதற்கு முன் பரோட்டா வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி சரியாக இருக்கும். வாந்தி மாத்திரை போட்டால் தூக்கம் வரும், அதனால் வண்டி ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த உயரத்தில் பெரிதாக எதுவும் ஆகாது. லேசான தலைவலி, மேடு ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்குவது, அவ்வளவுதான். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலரும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். டிக்கியில் உள்ள பெட்டிக்குள் வைத்தால் நெரிசலில் எடுக்க முடியாது.

[திரையில்: புல்வெளியில் விரித்த பாய்]

இப்போது வெயிலுக்கு வருவோம். மலையில் குளிர்ந்த காற்று அடிப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது. ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அதுவும் மே மாத மதியம், சூரியன் கிட்டத்தட்ட உச்சியில். கிரகணம் நண்பகலுக்கு முன்பே தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றும் தேவை. இன்னொன்று, உச்சியில் இருக்கும் சூரியனை நின்றபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வயதானவர்களுக்குத் தலை சுற்றும். பாய் விரித்து மல்லாந்து படுத்துப் பாருங்கள். சூரியன் மறைய மறைய மலைக்காற்று சட்டென்று குளிரும், ஒரு சால்வை பக்கத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போகும் இடத்தில் கழிப்பறை இருக்காது என்று பயந்து பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சாயங்காலம் தலைவலி, அப்புறம் சிறுநீர்த் தொற்று. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, இடம் பார்த்தவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும். கழிப்பறை பக்கத்தில் இருக்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், தங்கும் விடுதியின் மொட்டை மாடியைப் போல ஓர் இடம் வேறு இல்லை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

பள்ளத்தாக்கு ஓரம் வேண்டவே வேண்டாம். வானத்தைப் பார்த்தபடி, கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஓர் அடி பின்னால் வைப்பவருக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது. காட்டோரமும் வேண்டாம். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும், கூட்டத்தைப் பார்த்து மிரண்டால் பாயும். மே மாதப் பிற்பகலில் இடிமழை சகஜம். இடிச் சத்தம் கேட்டால் மரத்தடிக்கு ஓடாதீர்கள், கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

[திரையில்: கிரகணக் கண்ணாடி, அருகே முறுக்கு அச்சு]

சரி, கண். ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வாங்குங்கள். போட்டுப் பார்த்தால் அறையில் எதுவும் தெரியக் கூடாது. கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். தலையைக் குனிந்து மாட்டிக்கொண்டு, அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். எடுக்கும்போதும் முதலில் குனியுங்கள். வளைய கிரகணத்தில் எந்த நொடியிலும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, வளையம் முழுதாகத் தெரியும்போதும்கூட. கூலிங்கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி, சாணி கரைத்த தண்ணீர் எதுவும் பாதுகாப்பில்லை. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது இன்னும் மோசம். அது வெப்பத்தைக் குவித்துக் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

மலையில் மட்டும் வரும் ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். மூடுபனி நகர்ந்து வந்து சூரியனை மூடும். கிரகணக் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. கழற்றிப் பார்த்தால் பனிக்குள் பிறைச் சூரியன் வெள்ளையாக, கண் கூசாமல், அழகாகத் தெரியும். உடனே எல்லோரும் கண்ணாடியைக் கழற்றுவார்கள். அந்த நேரம் காற்று பனியைத் தள்ளிவிடும், முழு வெளிச்சமும் நேராகக் கண்ணில் இறங்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுட்டது அப்போது புரியாது. பனி மூடினால் பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்து காத்திருங்கள். குழந்தைகளுக்கு இதை முந்தின நாளே சொல்லிப் பழக்குங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வழி, சமையலறையில் இருக்கும் முறுக்கு அச்சு. பல ஓட்டை உள்ள ஓமப்பொடி அச்சாக எடுத்துப் போங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் நிழல் ஒரு வெள்ளைத் தாளில் விழுகிற மாதிரி பிடியுங்கள். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டிப் பிறைச் சூரியனை வரையும். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழும் வெளிச்சமும் அப்படியே பிறைகளாக மாறும். ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, தாளை மட்டும் பார்க்க வேண்டும்.

விரதம் இருப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் கிரகண நேரத்தில் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கோ, கர்ப்பிணி வெளியே வந்தால் குழந்தையைப் பாதிக்கும் என்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அந்த நிலையில் மலைச்சாலையில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தயவுசெய்து சாப்பிடுங்கள், உங்கள் அம்மா அப்பாவையும் சாப்பிட வையுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர். நியூட்ரலில் உருட்டாதீர்கள், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடுங்கள். அவசரத்துக்கு 108.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சின்ன சோதனை. ஒரு கண்ணை மூடி நாள்காட்டித் தேதியைப் பாருங்கள், பிறகு மறு கண்ணில். நடுவில் மங்கலாகவோ கருப்புப் புள்ளியாகவோ, நேர்கோடு வளைந்தோ தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். அறிகுறி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். குழந்தைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்களே உட்கார வைத்துச் சோதித்துப் பாருங்கள்.